லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஹாலை அளங்க!

வகுப்புல யாராவது புதுசா டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கினா, ரெண்டாவது வாரமே ஒரு கேள்வி வரும். "மச்சி, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?"

யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான். "கண்ணை மூடிக்கிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கிடு. விலை கம்மி, பின்னாடி சும்மா வெண்ணெய் மாதிரி மங்கும்."

இந்தப் பதிலை நானும் நம்பினேன், வாங்கினேன், நாலு பேருக்கு சிபாரிசும் பண்ணினேன். இப்போ அந்த சிபாரிசை வாபஸ் வாங்கத்தான் இதை எழுதுறேன். 50 மி.மீ. மட்டமான லென்ஸ்னு சொல்ல வரலை. நம்ம கையில இருக்குற கேமராவுக்கும், நாம படம் எடுக்குற வீட்டுக்கும் அது முதல் லென்ஸா பொருந்தாதுன்னு சொல்றேன். எனக்கு இது புரியறதுக்குள்ள அம்மாவோட சீட்டுப் பணத்துல கொஞ்சம் காலி ஆயிடுச்சு. பணத்தை விட முக்கியமான ஒண்ணும் கைவிட்டுப் போச்சு. அதை முதல்ல சொல்லிடறேன்.

வளைகாப்பு கதை

என்கிட்ட இருக்குறது கேனன் 1500டி. அம்மா கட்டின சீட்டு முடிஞ்சப்போ, "உனக்கு என்ன வேணும்"னு கேட்டாங்க. கேமரான்னேன். கடைக்காரர் "ஒரு லென்ஸோட வாங்குறதை விட ரெண்டு லென்ஸ் செட்டா எடுங்க தம்பி, அதுதான் லாபம்"னார். 18-55ம் 55-250ம் சேர்த்து வாங்கினேன். அப்புறம் டியூஷன் எடுத்து சேர்த்த காசுல, எல்லாரும் சொன்ன அந்த 50 மி.மீ. எஃப் 1.8.

அது வந்த பத்தாம் நாள் அக்காவுக்கு வளைகாப்பு. மண்டபம் எல்லாம் இல்லை, எங்க வீட்டு ஹால்லயேதான். "போட்டோகிராபர் எதுக்கு, தம்பி இருக்கானே"ன்னு அக்கா சொன்னதுல எனக்கு ரெண்டு அங்குலம் நெஞ்சு விரிஞ்சது :-)

புது லென்ஸை மாட்டிக்கிட்டு நின்னேன். அக்கா நாற்காலியில. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அத்தை. முன்னாடி தாம்பூலத் தட்டு, வளையல் அடுக்கு. வ்யூஃபைண்டர்ல பார்த்தா அக்கா மட்டும்தான் தெரியறா. ஒரு அடி பின்னாடி போனேன். இன்னொரு அடி போனேன். முதுகுல பீரோ இடிச்சது. அதுக்கு மேல போகணும்னா சுவரை உடைக்கணும்.

சரி, அக்காவை மட்டுமாவது நல்லா எடுப்போம்னு எடுத்துத் தள்ளினேன். கிட் லென்ஸ் பைக்குள்ளயே கிடந்தது. புது லென்ஸ் மோகத்துல அதை எடுத்து மாட்டணும்னு தோணவே இல்லை.

ராத்திரி கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோம். அக்கா படம் எல்லாம் அழகு. கன்னத்துல சந்தனம் பளபளன்னு தெரியுது. அம்மா? ஒரு படத்துல கை மட்டும். ஒரு படத்துல புடவை ஓரம். ரெண்டு படத்துல முழுசா வந்திருக்காங்க, ஆனா அக்காவுக்கு ஒரு அடி பின்னாடி நின்னதால முகம் மங்கிப் போயிருக்கு. மூத்த மகளோட வளைகாப்புக்கு நாலு நாளா ஓடின அம்மா, அவங்க பணத்துல வாங்கின கேமராவுல ஒரு படத்துலகூட உருப்படியா இல்லை.

அம்மா ஒண்ணும் சொல்லலை. "அவ படம் நல்லா வந்திருக்குல்ல, அது போதும்"னாங்க. அதுதான் ரொம்ப உறுத்திச்சு.

அளவு நாடாவும் ஒரு வகுத்தலும்

மறுநாள் தையல் மெஷின் டிராயர்ல இருந்த அளவு நாடாவை எடுத்து ஹாலை அளந்தேன். பேருக்கு 11 அடி அகலம். ஒரு பக்கம் பீரோ, இன்னொரு பக்கம் நாற்காலியும் அதுக்குப் பின்னாடி கட்டின அலங்காரமும். மிச்சம், எனக்கும் அக்காவுக்கும் நடுவுல இருந்த தூரம், 7 அடி.

அந்த 7 அடியில லென்ஸுக்கு எவ்வளவு அகலம் தெரியும்னு கண்டுபிடிக்க பெரிய இயற்பியல் எல்லாம் வேண்டாம். பத்தாம் வகுப்புல படிச்ச ஒத்த முக்கோணம் போதும்:

தெரியும் அகலம் = தூரம் x சென்சார் அகலம் ÷ லென்ஸோட மி.மீ.

1500டி மாதிரி கேனன் கேமராவுல சென்சார் அகலம் 22.3 மி.மீ. நிக்கான் டி3500, டி5600 வகையறாவுல 23.5 மி.மீ. தூரத்தை அடியில போட்டா விடையும் அடியிலயே வரும். எங்க ஹாலுக்கு, அதாவது 7 அடிக்கு, போட்டுப் பார்த்தேன்:

18 மி.மீ. - சுமார் 8.7 அடி
24 மி.மீ. - சுமார் 6.5 அடி
35 மி.மீ. - சுமார் 4.5 அடி
50 மி.மீ. - சுமார் 3.1 அடி
250 மி.மீ. - சுமார் ஏழரை அங்குலம்!

நாற்காலியில அக்கா, ரெண்டு பக்கமும் ஆள் நின்னா குறைஞ்சது 6 அடி வேணும். 50 மி.மீ.ல எனக்குக் கிடைச்சது 3 அடி. அம்மா படத்துல இல்லாததுக்கு என் கைத்திறமையில குறை தேட வேண்டியதே இல்லை. கணக்குப்படியே அவங்க உள்ள வர முடியாது.

250 மி.மீ. கணக்கைப் பாருங்க. ஏழரை அங்குலம்னா ஒரு முகம் மட்டும்தான். "லாபம்"னு வாங்கின ரெண்டாவது லென்ஸ் எங்க வீட்டுக்குள்ள எதுக்கும் ஆகாது. வாங்கின நாள்ல இருந்து மொட்டை மாடியில நிலாவை எடுத்ததைத் தவிர அதுக்கு வேலை இல்லை. நிலாவையும் எத்தனை நாள்தான் எடுக்கிறது?

50 மி.மீ. மந்திரம் எங்கிருந்து வந்துச்சு?

இவ்வளவு சின்ன கணக்கு இருக்கும்போது எல்லாரும் ஏன் 50 மி.மீ.ன்னே சொல்றாங்க? அந்த அறிவுரைக்கு வயசு ரொம்ப அதிகம். பிலிம் காலத்துல அது நூத்துக்கு நூறு சரியான அறிவுரை.

1925ல லைகா கேமரா விற்பனைக்கு வந்தப்பவே அதுல இருந்தது 50 மி.மீ. லென்ஸ்தான். அது பதிவு பண்ற பிலிம் சட்டத்தோட அளவு 36 x 24 மி.மீ. பிரெஞ்சு புகைப்படக்காரர் கார்த்தியே பிரஸ்ஸோன் பெரும்பாலும் லைகாவும் 50 மி.மீ.யும் வச்சுத்தான் உலகம் சுத்தினார். அதனால 50ன்னா "சாதாரண" லென்ஸ், நிறைய பேருக்கு அதுதான் முதல் லென்ஸ்ங்கிறது அங்க நிலைச்சுப் போச்சு.

நம்ம விலையில கிடைக்கிற டி.எஸ்.எல்.ஆர்.ல சென்சார் அந்தப் பிலிமை விட சின்னது. ஏ.பி.எஸ்.-சின்னு சொல்ற அளவு. அதே வாய்ப்பாட்டுல 36 போட்டுப் பாருங்க. பத்தடி தூரத்துல 50 மி.மீ. லென்ஸ், பிலிம் கேமராவுல 7.2 அடி காட்டும். நம்ம கேனன்ல 4.5 அடிதான். லென்ஸ் அதேதான், ஆனா ஓரத்தை எல்லாம் வெட்டிட்டு நடுவை மட்டும் எடுத்துக்குது. அதனாலதான் கேனன்ல 1.6, நிக்கான்ல 1.5ன்னு ஒரு பெருக்கல் சொல்வாங்க. 50 நமக்கு 80 மாதிரியோ 75 மாதிரியோ நடந்துக்கும். அது ஒருத்தர் முகத்தை எடுக்குற லென்ஸ். குடும்பத்தை எடுக்குற லென்ஸ் இல்லை.

பிலிம் காலத்து "50" நமக்கு வேணும்னா, நிக்கான்காரங்களுக்கு 35, கேனன்காரங்களுக்கு 31 மி.மீ. பக்கத்துல வரணும். அறிவுரை தலைமுறை தலைமுறையா அப்படியே வந்துச்சு. நடுவுல சென்சார் சுருங்கினதை யாரும் சேர்த்துச் சொல்லலை.

"ஆனா வெளிச்சம்?"

50 மி.மீ. ரசிகர்கள் இந்நேரம் கொதிச்சுப் போயிருப்பீங்க. "தம்பி, எஃப் 1.8 வெளிச்சத்தை மறந்துட்டியா?"

மறக்கலை. அது உண்மையான லாபம். கிட் லென்ஸை 50 மி.மீ. பக்கம் திருப்பினா அதோட வாய் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் எண் வெளிச்சத்துக்கு வர்க்கத்துல வேலை செய்யும். 5.6ஐ 1.8ஆல வகுத்து அதை வர்க்கம் பண்ணினா கிட்டத்தட்ட 10. அதாவது பத்து மடங்கு வெளிச்சம். கிட் லென்ஸ் 1/10 வினாடி கேட்கிற இடத்துல இதுல 1/100 வினாடி வைக்கலாம். டியூப் லைட் வெளிச்சத்துல சந்தனம் பூசுற கை ஆடாம வர்றதுக்கு இது போதும்.

ஆனா அந்த வெளிச்சத்துக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையைத்தான் எல்லாரும் "வெண்ணெய்"னு பாராட்டுறாங்க. 7 அடி தூரத்துல, 50 மி.மீ. எஃப் 1.8ல, தெளிவா வர்ற ஆழம் ஏறக்குறைய 5 அங்குலம். அவ்வளவுதான். அக்கா கண் தெளிவு, ஒரு அடி பின்னாடி நிக்கிற அம்மா வெண்ணெய். ஒத்தை ஆள் படத்துக்கு அது அழகு. ரெண்டு பேர் முன்னபின்ன நிக்கிற படத்துக்கு அது ஆபத்து.

இதே தூரத்துல 24 மி.மீ. எஃப் 2.8 வச்சா தெளிவு ஆழம் மூணடிக்குக் கிட்ட வருது. அம்மா, அக்கா, அத்தை மூணு பேரும் உள்ள. கேனன் 2014ல கொண்டு வந்த 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்.டி.எம். லென்ஸ் இந்த வேலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். 125 கிராம், பிஸ்கட் பாக்கெட் மாதிரி தட்டை. நேர்மையா ஒண்ணு சொல்லணும்: கிட் லென்ஸ் 24 மி.மீ.ல எஃப் 4 வரை திறக்கும். அதோட ஒப்பிட்டா இந்த லென்ஸுல ரெண்டு மடங்கு வெளிச்சம்தான் கூடுது, பத்து மடங்கு இல்லை. அந்த ரெண்டு மடங்கை கிட் லென்ஸ்ல ஐ.எஸ்.ஓ.வை 1600ல இருந்து 3200க்கு ஏத்தினாலே வாங்கிடலாம். கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும். அம்மா முகம் மங்கலா வர்றதுக்கு, புள்ளியோட தெளிவா வர்றது ஆயிரம் மடங்கு மேல்.

அதாவது வளைகாப்பு அன்னைக்கு எனக்குத் தேவைப்பட்ட லென்ஸ் ஏற்கனவே என் பைக்குள்ள இருந்தது. அழுகையா சிரிப்பான்னு தெரியலை.

நிக்கான் நண்பர்களுக்கு இந்த விஷயத்துல அதிர்ஷ்டம். 2009ல வந்த 35 மி.மீ. எஃப் 1.8ஜி டி.எக்ஸ். லென்ஸ், சின்ன சென்சாருக்குன்னே செஞ்சது. அகலமும் ஓரளவு, வெளிச்சமும் நிறைய. எங்க ஹால் மாதிரி 7 அடிக்கு அதுவும் பத்தாது (4.7 அடிதான்), ஆனா பத்தடி கிடைக்கிற இடத்துல 6.7 அடி தெரியும். தாராளம்.

அப்போ 50ம் 250ம் யாருக்கு?

ஒருதலைப்பட்சமா பேசக் கூடாது, சொல்லிடறேன்.

உங்களுக்குப் பிடிச்சது வெளியில, பகல்ல, ஒத்தை ஆளோட முகம்னா 50 மி.மீ. மாதிரி விலைக்குத் தகுந்த லென்ஸ் கிடையாது. பின்னாடி போக இடம் இருக்கு, வெளிச்சம் இருக்கு. முகத்துக்கு மூக்கு மூஞ்சி கோணாம வரும். 18 மி.மீ. வச்சு ஒருத்தர் முகத்துக்கிட்ட போய் எடுத்தா மூக்கு முன்னாடி வந்துடும், அவங்க ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க. கோயில் தூண்ல இருக்குற ஒரு சிற்பம், மேடையில ஆடுற ஒருத்தர், முன்வரிசையில இடம் கிடைச்சா, இதுக்கெல்லாம் 50 அருமை.

பறவைக்கு 250 வேணும், ஏன் அதுவே பத்தாது. வேடந்தாங்கல் கணக்கையே போடுங்க. கரையில நின்னு 50 மீட்டர் தள்ளி மரத்துல இருக்குற சங்குவளை நாரையை 250 மி.மீ.ல எடுத்தா, தெரியிற அகலம் சுமார் நாலரை மீட்டர். நாரை ஒரு மீட்டர் உயரம் இருக்கும். படத்துல அது ஒரு ஓரம், மிச்சம் எல்லாம் கிளை. பறவைதான் உங்க ஆசைன்னா, சின்ன லென்ஸ் எதையும் வாங்காம காசைச் சேர்த்து நேரா பெரிய லென்ஸுக்குப் போங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வேடந்தாங்கல் போறவங்க, அன்னைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்க.

அதனால நான் சொல்றது "50 வேண்டாம், 24 வாங்கு" இல்லை. அப்படிச் சொன்னா நானும் அந்தக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கச் சொல்ற கூட்டத்துல ஒருத்தன் ஆயிடுவேன். எந்த மி.மீ.ன்னு சொல்ற தகுதி எனக்கும் இல்லை, விமர்சனம் எழுதுறவங்களுக்கும் இல்லை. அவங்க யாரும் உங்க வீட்டு ஹால்ல நின்னதில்லை.

பைசா செலவில்லாத சோதனை

1. உங்க பழைய படங்களைக் கேளுங்க. ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எத்தனை மி.மீ.ல எடுத்தோம்னு பதிவாகி இருக்கும். எக்ஸிஃப்னு பேர். கம்ப்யூட்டர்ல படத்தோட விவரப் பக்கத்துலயே தெரியும். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச 50 படத்தை மட்டும் எடுத்து எண்ணை எழுதுங்க. எல்லாத்தையும் எடுக்காதீங்க, பிடிச்சதை மட்டும். நான் எழுதினப்போ பாதிக்கு மேல 18க்கும் 28க்கும் நடுவுல இருந்தது. 50ஐத் தாண்டினது விரல் விட்டு எண்ணலாம். இதை முன்னாடியே பண்ணியிருந்தா டியூஷன் காசு மிஞ்சியிருக்கும்.

2. செலோ டேப் ஒட்டுங்க. கிட் லென்ஸை 24ல வச்சு ஜூம் வளையம் நகராம டேப் ஒட்டுங்க. ஒரு வாரம் அதுலயே எடுங்க. அடுத்த வாரம் 35. அதுக்கடுத்த வாரம் 50. எந்த வாரம் எரிச்சல் கம்மியா இருந்ததோ அதுதான் உங்க லென்ஸ். வெளிச்சமும் மங்கலும் வித்தியாசப்படும், ஆனா "உள்ள அடங்குதா"ங்கிற கேள்விக்கு இதை விட நேர்மையான பதில் எங்கயும் கிடைக்காது.

3. அளவு நாடா. நீங்க அதிகம் படம் எடுக்குற மூணு இடத்தை அளங்க. வீட்டு ஹால், ஹாஸ்டல் ரூம், கல்லூரி அரங்கம், எதுவானாலும். மேல சொன்ன வகுத்தலைப் போடுங்க.

நாலாவது ஒண்ணும் உண்டு. நண்பன்கிட்ட ஒரு நாள் கடன் கேளுங்க. ஒரே கம்பெனி கேமரா வச்சிருக்குற நண்பர்கள் கடவுள் கொடுத்த வரம்.

கொஞ்சம் காமர்ஸ்

பி.காம். படிச்சுட்டு காசு பத்திப் பேசலைன்னா வாத்தியார் கோவிச்சுப்பார்.

லென்ஸோட விலை நீங்க கடையில கொடுக்குற தொகை இல்லை. வாங்கின விலைக்கும் ஒரு நாள் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான செலவு. கேமரா உடம்பு சீக்கிரம் மதிப்பிழக்கும். நல்ல நிலையில இருக்குற லென்ஸ் மெதுவா இழக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா முதல் சரிவை வேற யாரோ ஏத்துக்கிட்டாங்க. மாணவர்களுக்கு நான் புது லென்ஸை சிபாரிசு பண்ணவே மாட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. கேனனும் நிக்கானும் 2018ல புது கண்ணாடியில்லா கேமராக்களுக்குன்னு புது லென்ஸ் வாய் கொண்டு வந்துட்டாங்க. 2020க்கு அப்புறம் ரெண்டு பேரும் புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் கொண்டு வரலை. நிறைய பேர் புதுசுக்கு மாறுறாங்க, அவங்க பழைய லென்ஸ் சந்தைக்கு வருது. "செத்துப் போன சிஸ்டத்துல ஏன் காசு போடுற?"ன்னு கேட்பாங்க. கேனனோட டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ் வாய் 1987ல வந்தது, நிக்கானோடது 1959ல. இத்தனை வருஷம் செஞ்ச லென்ஸ் எல்லாம் ஒரே நாள்ல குப்பை ஆயிடாது. நாளைக்கு நீங்களே புதுசுக்கு மாறினாலும், அடாப்டர் போட்டு கேனன் லென்ஸ் அப்படியே ஓட்டோஃபோகஸோட வேலை செய்யும்.

நிக்கான்ல மட்டும் ஒரு குழி இருக்கு, விழுந்துடாதீங்க. 50 மி.மீ. எஃப் 1.8டின்னு ஒரு பழைய லென்ஸ் ரொம்ப மலிவா கிடைக்கும். அதுக்குள்ள மோட்டார் கிடையாது. டி3500, டி5600 மாதிரி கேமரா உடம்புலயும் மோட்டார் கிடையாது. விளைவு, ஃபோகஸை நீங்கதான் கையால திருப்பணும். நிக்கானோட எஃப்.டி.இசட். அடாப்டர்லயும் இதே கதைதான். பேர்ல ஏ.எஃப்-எஸ் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

பழைய லென்ஸ் வாங்கும்போது செல்போன் டார்ச்சை ஒரு பக்கத்துல அடிச்சு மறுபக்கத்துல பாருங்க. உள்ள சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா அது பூஞ்சை. நம்ம கடலோர ஈரக்காத்துக்கு அது நல்லா வளரும். எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம். வாங்கின பிறகு நீங்களும் லெதர் பைக்குள்ள பூட்டி வைக்காதீங்க. காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், போதும்.

கடைசியா, எங்க புரொபசர் சொல்ற மூழ்கின செலவு. தப்பான லென்ஸ் வாங்கிட்டா, "காசு போட்டாச்சே"ன்னு அதையே மாட்டிக்கிட்டுத் திரியறதுதான் ரெண்டாவது நஷ்டம். வளைகாப்பு அன்னைக்கு நான் பண்ணினது அதுதான். காசு போயிடுச்சு, போகட்டும். அந்த அம்பது மி.மீ. மோகத்துல பைக்குள்ள இருந்த லென்ஸை மறந்தேன் பாருங்க, அந்த நஷ்டத்துக்கு எந்தப் பேரேட்டுலயும் கணக்கு எழுத முடியாது.

முடிவா

55-250ஐ வித்துட்டேன். பறவை எடுக்குற ஜூனியர் ஒருத்தன் சந்தோஷமா வாங்கிட்டுப் போனான். 50ஐ வச்சிருக்கேன், மொட்டை மாடியில அக்கா பையன் முகத்தை எடுக்க அது போதும்னு இருக்கு. புதுசா எதுவும் வாங்கலை.

அந்தப் பையனுக்குப் பேர் வச்சதும் அதே ஹால்லதான். இந்தத் தடவை முதல் நாளே பீரோவை உள் ரூமுக்குத் தள்ளினேன். அப்பா திட்டினார், ஆனா ரெண்டு அடி கிடைச்சது. ஜன்னல் திரையை முழுசா திறந்து தொட்டிலை அந்தப் பக்கம் போட்டோம். பழைய கிட் லென்ஸ், 24 மி.மீ., ஐ.எஸ்.ஓ. 3200. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாத்தான் இருக்கு. பின்னாடி சுவிட்ச் போர்டும் காலண்டரும் தெளிவா தெரியுது, வெண்ணெய் எல்லாம் இல்லை. அம்மா தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு பேரைச் சொல்றாங்க. முழுசா இருக்காங்க.

அதை 8 x 12 பிரிண்ட் போட்டு மாட்டியாச்சு. எங்கன்னு கேட்கறீங்களா? அதே ஹால்லதான், பீரோவுக்கு மேல.

டிஸ்கி: 50 மி.மீ. வாங்கச் சொல்லி நான் சிபாரிசு பண்ணின நாலு பேரும் இதைப் படிச்சா, அடிக்க வராதீங்க மக்களே. அளவு நாடாவோட வாங்க :-)